பிள்ளைகளுக்கிடையே இடைவெளி: எந்த முறை யாருக்குப் பொருந்தும்?



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பிரசவச் செலவுக்கான மனுக்கள் எப்போதும் உண்டு. அவற்றைப் படிக்கும்போது ஒரே மாதிரியான நிலை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மூத்த பிள்ளைக்கு ஒன்றரை வயது. அடுத்தது வயிற்றில் எட்டு மாதம். முதல் பிரசவம் சிசேரியன், இதுவும் சிசேரியன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாய்க்கு இரத்தம் குறைவு. மனுவைக் கொண்டுவருகிற தாயோ சகோதரியோ தயங்கித் தயங்கி இன்னொரு கேள்வியும் கேட்பார்கள்: "இதோடு ஆபரேஷனும் செய்துவிடலாம் என்கிறார்கள். மார்க்கத்தில் அது ஆகுமா?"

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அது வருகிற நேரம் பிந்திப்போன நேரம். பிரசவ வார்டின் வாசலில், மயக்க ஊசிக்குச் சற்று முன்னால் கேட்க வேண்டிய கேள்வியல்ல இது. முதல் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியது. அப்போது பேசாததால், கடைசி நேரத்தில் "இனிமேல் பிள்ளையே வேண்டாம்" அல்லது "ஒன்றும் செய்யாதே" என்ற இரண்டு வழிகள் மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன. இடையில் உள்ள பல வழிகள் தெரியாமலே போகின்றன.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நிரந்தரக் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி ஆகிய தற்காலிக முறைகளைப் பயன்படுத்துவோர் அவர்களோடு ஒப்பிட்டால் மிகச் சிலரே. நம் மஹல்லாக்களிலும் நாம் காண்பது இதுதான். மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதித்திருப்பது தற்காலிக முறைகளை. அவர்கள் தடுத்திருப்பது, தேவையில்லாமல் செய்யும் நிரந்தர அறுவையை. நாமோ அனுமதித்ததை அறியாமல் விட்டுவிட்டு, தடுத்ததில் போய் முடிகிறோம்.

எனவே இந்த இதழில் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதுகிறோம். பள்ளிவாசலில் வைக்கப்படும் இதழில் இதெல்லாம் தேவையா என்று சிலர் நினைக்கலாம். மார்க்கத்தைக் கற்பதில் வெட்கம் தங்களைத் தடுக்க விடாத அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அந்த வழியில்தான் நாமும் எழுதுகிறோம்.

மார்க்கம் சொல்வது என்ன?

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் சஹாபாக்கள் 'அஸ்ல்' என்னும் முறையைக் கையாண்டார்கள். விந்து உள்ளே செல்லாதபடி விலகிக்கொள்வதே அது. குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் தாங்கள் அவ்வாறு செய்து வந்ததையும், அது தடுக்கப்படவில்லை என்பதையும் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் உள்ளது. அதை வெறுக்கும் பொருளில் வந்த ஹதீஸும் முஸ்லிமில் இருக்கிறது. இரண்டையும் வைத்து ஆராய்ந்த அறிஞர்களில் பெரும்பாலோர், அஸ்ல் கூடும், ஆனால் காரணமில்லாமல் செய்வது விரும்பத்தக்கதல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள். மனைவியின் சம்மதமில்லாமல் கணவன் அதைச் செய்யக் கூடாது என்று பல இமாம்கள் நிபந்தனையும் இட்டார்கள். இந்த நிபந்தனையை ஆண்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். பிள்ளை பெறுவதில் மனைவிக்கும் உரிமை உண்டு என்பதிலிருந்து பிறந்தது அது.

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா' நூலில் திருமணத்தைப் பற்றிய பகுதியில் இதை விரிவாகப் பேசுகிறார்கள். பிரசவ ஆபத்திலிருந்து மனைவியைக் காப்பது, பிள்ளைகள் பெருகிச் சிரமத்தில் விழாமல் இருப்பது போன்ற எண்ணங்கள் குற்றமல்ல என்கிறார்கள். பெண் பிள்ளை பிறந்துவிடுமோ என்று அஞ்சிச் செய்வதைத் தீய எண்ணம் என்கிறார்கள். கருவாகும் முன் தடுப்பதும், கருவான பின் அழிப்பதும் ஒன்றல்ல என்றும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார்கள்.

நம் காலத்தில், இஸ்லாமிய நாடுகள் அமைப்பைச் சேர்ந்த சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி எடுத்த தீர்மானம் இந்த விஷயத்தில் பரவலாக எடுத்துக்காட்டப்படுவது. அதன் சாரம் மூன்று. ஒன்று, பிள்ளை பெறும் உரிமையைக் கட்டுப்படுத்திப் பொதுச்சட்டம் போடுவது கூடாது. இரண்டு, மார்க்கம் ஏற்கும் கட்டாயத் தேவை இல்லாமல் ஆணோ பெண்ணோ பிள்ளை பெறும் ஆற்றலை அடியோடு நீக்கிக்கொள்வது கூடாது. மூன்று, கணவனும் மனைவியும் கலந்து பேசி, இருவரும் மனமொப்பி, இடைவெளிக்காகத் தற்காலிகமாகத் தடுத்துக்கொள்வது ஆகும். அந்த முறையால் தீங்கு வரக் கூடாது. உருவான கருவை அது தாக்கக் கூடாது.

வறுமைக்கு அஞ்சிக் குழந்தைகளைக் கொல்லாதீர்கள் என்ற குர்ஆனின் கட்டளையை (17:31) இங்கே சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அது பிறந்த குழந்தையைக் கொல்வதைப் பற்றியது. அதே குர்ஆன்தான் பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது (2:233). பாலை முன்னதாக நிறுத்துவதானாலும் தாயும் தந்தையும் கலந்து பேசி, இருவரும் இசைந்து முடிவு செய்யும்படி அதே வசனம் சொல்கிறது. பால் நிறுத்துவதற்கே கலந்தாலோசனை வேண்டுமென்றால், அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்?

அச்சம் எங்கிருந்து வந்தது?

'குடும்பக் கட்டுப்பாடு' என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. 1952இல் அரசுத் திட்டமாகவே குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கிய முதல் நாடு இந்தியா. நமக்கு அருகிலுள்ள எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில் நடந்த ஒரே முகாமில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆண் கருத்தடை செய்யப்பட்டது. பின்னர் நெருக்கடி நிலைக் காலத்தில் இலக்கு வைத்து ஆள் பிடித்தார்கள். 1976-77இல் மட்டும் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. ஹரியானாவில் முஸ்லிம்கள் வாழும் உட்டாவர் கிராமத்தை 1976 நவம்பரில் போலீசார் சுற்றி வளைத்து ஆண்களைக் கொண்டுபோனார்கள். அந்த அநியாயத்தின் நினைவு ஒரு தலைமுறையின் மனத்தில் தங்கிவிட்டது. திட்டத்தின் பெயரே 1977க்குப் பின் 'குடும்ப நலம்' என்று மாற்றப்பட்டது.

அதற்குப் பிறகும் பாடம் முழுமையாகப் படிக்கப்படவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய கருத்தடை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் கைவிடச் சொன்னது.

ஆகவே வற்புறுத்தலை எதிர்ப்பது நம் உரிமை. ஆனால் வற்புறுத்தலை எதிர்ப்பதும், அறிவை மறுப்பதும் வெவ்வேறு. ஈரானும் வங்காளதேசமும் முஸ்லிம் நாடுகள்தாம். வங்காளதேசத்தில் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று முறைகளை விளக்கினார்கள். ஈரானில் திருமணத்துக்கு முன்பே மணமக்களுக்கு இதுபற்றி வகுப்பு நடத்தினார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பெற்ற மாவட்டம் நம்முடையது. நம்மால் இதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதா?

இடைவெளி எவ்வளவு வேண்டும்?

ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதங்கள் இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கருச்சிதைவு ஏற்பட்டிருந்தால் குறைந்தது 6 மாதம். இரண்டு ஆண்டுப் பாலூட்டலைப் பற்றி மேலே சொன்னோம். மருத்துவம் சொல்லும் கணக்கும் அதுவும் ஒன்றாகவே வருகின்றன. தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். தழும்பு ஆறும் முன் மீண்டும் கருத்தரித்தால் கருப்பை கிழியும் ஆபத்து கூடுகிறது. தாயின் இரத்தச்சோகை, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த பிள்ளை எல்லாவற்றிலும் நெருக்கமான பிரசவங்களுக்குப் பங்கு உண்டு.

முறைகள்

முதலில் ஒரு கணக்கு. எந்த முறையும் இல்லாமல் வாழும் 100 தம்பதிகளில் ஓராண்டுக்குள் சுமார் 85 பேருக்குக் கரு உண்டாகும். சாதாரணமாக மனிதர்கள் கையாளும் விதத்தில், அஸ்ல் முறையில் சுமார் 20 பேருக்கும், ஆணுறையில் 13 பேருக்கும், மாத்திரையில் 7 பேருக்கும், மூன்று மாத ஊசியில் 4 பேருக்கும் கரு உண்டாகிறது. காப்பர்-டியில் ஒருவருக்கும் குறைவு.

ஆணுறை: உடலில் எந்த மாற்றமும் செய்யாதது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'நிரோத்' இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு முறையும், தொடக்கத்திலிருந்தே பயன்படுத்தினால்தான் பலன். நோய்த்தொற்றிலிருந்தும் காப்பது இது ஒன்றுதான்.

கலப்பு மாத்திரை: அரசு தரும் 'மாலா-என்' அட்டையில் 28 மாத்திரைகள். 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் கருத்தரிக்கும் ஆற்றல் விரைவில் திரும்பும். மாத்திரையால் மலட்டுத்தன்மை வரும் என்பது தவறான நம்பிக்கை. பிரசவமாகி ஆறு மாதத்துக்குள் பால் கொடுப்பவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்ணில் ஒளி மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. வலிப்புக்கும் காசநோய்க்கும் தரப்படும் சில மருந்துகள் இதன் பலனைக் குறைத்துவிடும். டாக்டரிடம் சொல்லாமல் மெடிக்கல் ஸ்டோரில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

சாயா: லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றது. மாதவிடாய் தள்ளிப்போகலாம். சினைப்பையில் நீர்க்கட்டி (பி.சி.ஓ.டி.) உள்ளவர்களுக்கும், மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஏற்றதல்ல.

அந்தரா ஊசி: மூன்று மாதத்துக்கு ஒன்று. பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பின் பால் கொடுப்பவர்களும் போடலாம். மாதவிடாய் ஒழுங்கு மாறும், சிலருக்கு நின்றே போகும். அது தீங்கல்ல. ஆனால் ஊசியை நிறுத்திய பின் கருத்தரிக்கச் சராசரியாக 7 முதல் 10 மாதம் ஆகலாம். சீக்கிரம் அடுத்த பிள்ளை வேண்டும் என்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

காப்பர்-டி: 380ஏ வகை 10 ஆண்டும், 375 வகை 5 ஆண்டும் வேலை செய்யும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ, ஆறு வாரம் கழித்தோ பொருத்தலாம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எடுத்தவுடன் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பும். முதல் சில மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடலாம். எனவே கடும் இரத்தச்சோகை உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இது கருவை அழிக்கும் கருவி என்று சிலர் அஞ்சுகிறார்கள். செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்து, கருமுட்டையோடு சேராமல் தடுப்பதுதான் இதன் முதன்மையான வேலை என்று மருத்துவம் கூறுகிறது.

பாலூட்டல்: பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை, மாதவிடாய் திரும்பவில்லை. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் 100இல் 98 பங்கு பாதுகாப்பு. மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு முறைக்கு மாற வேண்டும். "பால் கொடுக்கும்போது கரு தங்காது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த மூன்றையும் சேர்த்தால் மட்டுமே உண்மை.

நிரந்தர அறுவை: பெண்ணுக்கும் ஆணுக்கும் உண்டு. இதைத் திரும்ப மாற்ற முடியும் என்று நம்பி யாரும் செய்யக் கூடாது. மீண்டும் கருத்தரித்தால் உயிருக்கு ஆபத்து என்று நம்பத்தகுந்த மருத்துவர் சொன்னால், அது மார்க்கம் கருதும் தேவைக்குள் வருமா என்று ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மருத்துவரின் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆலிமிடம் செல்வது நல்லது. ஆணுக்குச் செய்யும் அறுவை பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது. ஆனால் உடனே பலன் தராது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தும் வரை வேறு முறை வேண்டும். இதை அறியாமல், இடையில் கரு உண்டானதும் மனைவியைச் சந்தேகித்த கொடுமைகள் நாட்டில் நடந்திருக்கின்றன.

யாருக்கு எது?

புதிதாகத் திருமணமானவர்கள்: கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகும் முன்பே "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி தொடங்கிவிடுகிறது. பெண் படித்துக்கொண்டிருக்கலாம், உடல் தேறாதிருக்கலாம். தள்ளிப்போட இருவரும் விரும்பினால் ஆணுறையோ, டாக்டரின் ஆலோசனையோடு மாத்திரையோ பொருந்தும். மாமியார்மார் இந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்தால் பெரிய உதவி.

கணவர் வளைகுடாவில் இருப்பவர்கள்: இது நம் ஊர்களின் தனிப் பிரச்சினை. தேங்காய்ப்பட்டணம், குளச்சல், திருவிதாங்கோடு, தக்கலை, இடலாக்குடி என எங்கும் இந்தக் குடும்பங்கள் உண்டு. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து ஒன்றிரண்டு மாத லீவில் வருவார். அந்த நாட்களுக்கு ஆணுறை எளிது. மாத்திரை என்றால் அவர் வந்திறங்கிய அன்று தொடங்கினால் போதாது. மாதவிடாய் தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும், பிந்தினால் ஏழு நாள் கூடுதல் பாதுகாப்பு வேண்டும். டிக்கெட் போட்டவுடனேயே போனில் இதையும் பேசிக்கொள்ளுங்கள். அடுத்த லீவில் பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்தரா ஊசியின் தாமதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிசேரியன் ஆனவர்கள், ஒரு பிள்ளையோ இரண்டு பிள்ளையோ பெற்று நீண்ட இடைவெளி விரும்புபவர்கள்: காப்பர்-டி நல்ல தேர்வு. அடுத்த பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யாதவர்களுக்கும் இதுவே பொருந்தும். கதவைப் பூட்டுகிறது, ஆனால் சாவி நம் கையிலேயே இருக்கிறது.

35 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள்: கலப்பு மாத்திரையைத் தானாகத் தொடங்க வேண்டாம். ஆணுறை, காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத முறைகளைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

தொழுகையும் நோன்பும்

காப்பர்-டி, ஊசி ஆகியவற்றின் தொடக்கத்தில் சொட்டுச்சொட்டாக உதிரம் படுவதுண்டு. "தொழலாமா?" என்ற குழப்பத்திலேயே பல பெண்கள் நல்ல முறையை விட்டுவிடுகிறார்கள், அல்லது வாரக்கணக்கில் தொழுகையை விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம். மாதவிடாய்க்கு எல்லை உண்டு. ஷாஃபி மத்ஹபில் அதிகபட்சம் 15 நாள், ஹனஃபி மத்ஹபில் 10 நாள். இரு மாதவிடாய்களுக்கு இடையே சுத்த காலம் குறைந்தது 15 நாள். இந்தக் கணக்கைத் தாண்டி வருவது இஸ்திஹாளா. அதில் தொழுகையும் நோன்பும் கடமை. சுத்தம் செய்து, ஒவ்வொரு வக்துக்கும் உளூ செய்து தொழ வேண்டும். உதிரம் பட்ட நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆலிமா ஒருவரிடம் காட்டினால் விளக்கிச் சொல்வார். கருப்பைக்குள் காப்பர்-டி இருப்பது குளிப்பைத் தடுக்காது. ரமளானில் மாத்திரையை நோன்பு திறந்த பின்போ ஸஹரிலோ சாப்பிடலாம்.

ஒரு எச்சரிக்கை

இதை அழுத்திச் சொல்கிறோம். கருத்தடை மாத்திரை வேறு, கருக்கலைப்பு மாத்திரை வேறு. எதிர்பாராத உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் சாப்பிடும் அவசர மாத்திரை, கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போட்டு வேலை செய்வது. அதை மாதாமாதம் சாப்பிடுவது முறையல்ல. கருக்கலைப்பு மாத்திரையோ உருவான கருவை வெளியேற்றுவது. சட்டப்படி 9 வாரத்துக்குள், தகுதியுள்ள டாக்டரின் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டியது. அதைச் சீட்டில்லாமல் வாங்கி வீட்டில் ரகசியமாகச் சாப்பிட்டு, இரத்தம் நிற்காமல் நள்ளிரவில் ஆம்புலன்சைத் தேடும் நிலை வருகிறது. கரு, குழாயில் தங்கியிருந்தால் உயிரே போகலாம்.

மார்க்கத்திலும் இது பாரமானது. நான்கு மாதம் கடந்த கருவை, தாயின் உயிரைக் காக்கும் கட்டாயம் தவிர, கலைப்பது கூடாது என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டவர்கள். அதற்கு முன்னும் தக்க காரணமில்லாமல் பெரும்பாலோர் அனுமதிக்கவில்லை. முன்கூட்டியே ஒரு ஆகுமான முறையைத் தேர்ந்திருந்தால் இந்தக் கட்டமே வராது. 'கருத்தடையா, சீ!' என்று ஒதுக்கும் வீட்டில், கருக்கலைப்பு ரகசியமாக நடக்குமானால் நாம் எதைக் காப்பாற்றினோம்?

ஆண்களுக்குச் சில வார்த்தைகள்

மாத்திரை சாப்பிடுவது அவள், ஊசி போடுவது அவள், காப்பர்-டி அவளுக்கு, அறுவையும் அவளுக்கு. பிள்ளை தங்கிவிட்டால் குற்றமும் அவள்மேல். சஹாபாக்களின் காலத்தில் இந்தப் பொறுப்பை ஏற்றது ஆண் என்பதை நினைவில் வைப்போம். அஸ்ல் ஆணின் பொறுப்பு. இன்று அதற்கு நிகரானது, அதைவிட நம்பகமானது ஆணுறை. மனைவியின் உடலுக்கு எந்த முறையும் ஒத்துவரவில்லை என்றால், தயங்காமல் அதைக் கையில் எடுப்பதே ஆண்மை. டாக்டரிடம் மனைவியைத் தனியே அனுப்பாமல் உடன் செல்லுங்கள்.

இன்னொன்று. எல்லா முறையையும் ஒழுங்காகக் கையாண்டும் சில வேளை கரு உண்டாகும். அல்லாஹ் நாடியது வந்தே தீரும் என்று அஸ்லைப் பற்றிய ஹதீஸ்களிலேயே சொல்லப்பட்டுள்ளது. அப்போது மனைவியைக் குறை சொல்லாமல், வருகிற பிள்ளையை வரவேற்பது ஈமானின் அடையாளம்.

எங்கே போவது, என்ன கேட்பது?

உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடமும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மேலே சொன்ன முறைகள் இலவசம். தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை, குழித்துறை அரசு மருத்துவமனை, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றிலும் மகப்பேறு மருத்துவர்களைக் காணலாம். 104 என்ற எண்ணில் தமிழக அரசின் சுகாதார ஆலோசனையும் கிடைக்கும். போகும்போது இவற்றைக் கேளுங்கள்:

1. என் உடல்நிலைக்கும் நான் சாப்பிடும் மருந்துகளுக்கும் இந்த முறை ஒத்துவருமா?
2. பால் கொடுப்பதைப் பாதிக்குமா?
3. மாதவிடாயில் என்ன மாற்றம் வரும்?
4. நிறுத்திய பின் எத்தனை மாதத்தில் கருத்தரிக்கலாம்?
5. எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்?

கடைசிக் கேள்விக்குச் சில பதில்களை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரை சாப்பிடுபவருக்கு நெஞ்சுவலி, கடும் தலைவலி, பார்வை மங்கல், காலில் வலியோடு வீக்கம். காப்பர்-டி உள்ளவருக்குக் காய்ச்சலோடு அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப்போதல். இவை வந்தால் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் சம்மதம் இல்லாமல் எதையும் பொருத்தவோ அறுவை செய்யவோ யாருக்கும் உரிமையில்லை. கையெழுத்திடும் தாளைப் படித்துப் பார்த்து, புரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லி, பிறகு கையெழுத்திடுங்கள். பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது காப்பர்-டி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, டிஸ்சார்ஜ் அட்டையில் எழுதி வாங்குங்கள். "வேண்டாம்" என்று சொல்வதும் உங்கள் உரிமை. அதற்காகச் சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நிக்காஹ் பதிவுக்கு மணமக்கள் வரும்போது, ஒரு மணி நேரம் ஆலிம் ஒருவரும் டாக்டரம்மா ஒருவரும் அவர்களிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். மஹர், வலீமா விவரங்களைப் பேசும் அக்கறையில் ஒரு பங்கு இதற்கும் இருக்கட்டும். நம் அறக்கட்டளையும் இதில் துணை நிற்கும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களுக்கு உடல் நலத்தையும், நம் வீடுகளுக்குக் கண்குளிர்ச்சியான மக்களையும், அவர்களை நல்ல முறையில் வளர்த்து ஆளாக்கும் வலிமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.